ட்ரையல் தம்பி

லெம்பலக்குடி டோல்கேட்டில் பணம் பிடித்துவிட்டதாக ஃபாஸ்டாக் குறுஞ்செய்தி வந்தபோது, என் கார் புதுக்கோட்டை ஒர்க்‌ஷாப்பில் நாலு சக்கரமும் இல்லாமல் ஜாக்கி மேல் நின்றுகொண்டிருந்தது. சத்தியமாக. தம்பியே அப்போது போனில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

"நாலு வீலும் கழட்டியாச்சுண்ணே. பிரேக் க்ளீனிங் ஓடிக்கிட்டிருக்கு."

"இப்பத்தான் தம்பி, லெம்பலக்குடியத் தாண்டுச்சுன்னு மெசேஜ் வருது."

எச்சில் விழுங்கும் நேரம்கூட அவன் எடுத்துக்கொள்ளவில்லை. "ஆமாண்ணே, மாட்டியாச்சு. ட்ரையல் போயிருக்கு."

எங்கள் ஊர் ஆவுடையார்கோவில். புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி வழியாக வரவேண்டும். லெம்பலக்குடியோ காரைக்குடி ரோட்டில், திருமயம் பக்கம். அந்தப் பக்கமாகவே போனால் பிள்ளையார்பட்டி. வண்டி வீட்டுக்கு வந்தபோது டேஷ்போர்டில் வாடிய அருகம்புல் கிடந்தது. கேட்டேன். "ட்ரையல் போறப்ப கோயில் வந்துச்சுண்ணே. வந்த கோயிலத் தாண்டிப் போகக்கூடாதுல்ல" என்றான். ஏதோ பிள்ளையார்பட்டிதான் இவனைத் தேடி வந்த மாதிரி.

இந்தத் தம்பியை உங்களுக்குத் தெரியும். அவனுடைய மற்ற கல்யாண குணங்களை நான் சொல்லப்போவதில்லை. ஐயாயிரம் என்று சொல்லி ஒன்பதாயிரத்துக்கு பில் போடுவது, நல்ல வைப்பரைக் கழற்றிவிட்டு "போயிருச்சுண்ணே" என்பது, கம்பெனியிலிருந்து போன் வந்தால் பத்துக்குப் பத்து மார்க் போடச் சொல்லிக் கெஞ்சுவது எல்லாம் உலகம் அறிந்தது. சர்வீஸ் அட்வைசர் என்று கழுத்தில் அட்டை தொங்கும் எவனும் செய்வது. நம் தம்பி தனித்து நிற்பது ட்ரையலில்.

நியாயமாக ட்ரையல் என்பது என்ன? வேலை முடிந்ததும் மெக்கானிக் வண்டியை வெளியே எடுத்து, மூன்று நான்கு கிலோமீட்டர் ஓட்டி, சத்தம் கேட்கிறதா, ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே விடுவது. தம்பி இதைக் குறைவான சிரத்தை என்று நினைக்கிறான். ஒரு வண்டி நன்றாக ஓடுகிறதா என்று தெரிய வேண்டுமென்றால் அது ஒரு வாழ்க்கையை முழுதாக வாழ்ந்து பார்க்க வேண்டும். கல்யாணத்துக்குப் போகவேண்டும், காதுகுத்துக்குப் போகவேண்டும், சம்சாரத்தை ஆஸ்பத்திரியில் விட்டு வரவேண்டும், மைத்துனனைத் திருச்சி ஏர்போர்ட்டில் ஏற்றிவிடவேண்டும்.

எங்கள் ஊரில் தாலுகா ஆபீஸ் இருக்கிறது. கார் ஷோரூம் இல்லை. சுமார் 50 கிலோமீட்டர் போகவேண்டும் என்பதால் கம்பெனியே ஆள் அனுப்பி வண்டியை எடுத்துப்போய்க் கொண்டுவந்து விடுகிறது. இலவசம். அந்த ஆளாகத் தம்பியே வருவான். சாவியை வாங்கியதும் செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்காருவான். பார்க்கிறவர்களுக்குக் கண் நிறையும். திரும்பி வரும்போது சீட் பின்னால் தள்ளியிருக்கும், கண்ணாடி கூரையைப் பார்க்கும், ப்ளூடூத்தில் யார் யாருடைய போனோ சேர்ந்திருக்கும், பின்சீட்டு இடுக்கில் ஒரு முழம் மல்லிகை இருக்கும்.

"பூ எப்படித் தம்பி?"

"பேக் சீட் ட்ரையல்ணே."

பெட்ரோல் கதை தனி. எங்கள் கோயிலில் சுவாமிக்குப் புழுங்கலரிசிச் சோறு. சுடச்சுட வடித்துப் படைகல்லில் கொட்டி, கீரையும் பாகற்காயும் சேர்த்து, அதிலிருந்து எழும் ஆவியைத்தான் நைவேத்தியம் செய்வார்கள். கருவறையில் லிங்கம் இல்லை, ஆவுடையார் மட்டும். உருவம் இல்லாதவருக்கு ஆவிதான் பொருத்தம். என் பெட்ரோல் டேங்க் விஷயத்தில் தம்பி இதே ஆகமத்தைக் கடைப்பிடிக்கிறான். ஆவி எனக்கு.

ஆடி மாதம் நடந்ததைச் சொன்னால்தான் இந்த ட்ரையலின் முழு வீச்சும் தெரியும். ஆடி, ஆவணி என்றால் கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி வட்டாரத்தில் மொய் விருந்து. கிடாக்கறி விருந்து போட்டு, பேனர் கட்டி, மேஜை போட்டு மொய் வாங்குவார்கள். வாங்கியதெல்லாம் நோட்டில் ஏறும். அவரவர் முறை வரும்போது கூடுதலாகத் திரும்பப் போகும். எங்கள் பக்கத்தில் வெட்டுக்குத்துகூட ஒரு தலைமுறையில் மறந்துபோகும். மொய் நோட்டில் பேர் இல்லாவிட்டால் மறக்கமாட்டார்கள்.

கீரமங்கலத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டு மொய் விருந்து. அதற்குச் சரியாக முந்தின நாள் என் வண்டி சர்வீஸுக்குப் போயிருந்தது. வண்டி இல்லை, பிறகு போய்க் கொடுத்துக்கொள்ளலாம் என்று நான் வீட்டில் இருந்தேன். என் வண்டி போயிருந்தது. பந்தல் வாசலில், எல்லோரும் பார்க்கும்படி, நிழலில் நின்றிருக்கிறது. அதிலிருந்து ஏழு பேர் இறங்கி, சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, ஏறிப் போயிருக்கிறார்கள். வீட்டுக்காரர் சாயங்காலம் நோட்டைப் புரட்டியிருக்கிறார். வண்டி வந்திருக்கிறது, பேரைக் காணோம்.

மறுநாள் போன் வந்தது. கோபமாகப் பேசியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். "கறி பத்தாமப் போச்சா மாப்ளே?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

தம்பியைப் பிடித்தேன்.

"கீரமங்கலம் எந்த ரூட்டுல தம்பி வருது?"

"லோடு ட்ரையல்ணே. ஒத்த ஆளா ஓட்டினா சஸ்பென்ஷன் சத்தம் தெரியாது. ஏழு பேராவது ஏறணும்."

"கறிச்சோறு தின்னுட்டு ஏறினா இன்னும் நல்லாத் தெரியும், இல்ல?"

"கரெக்டாச் சொன்னீங்கண்ணே!" என்றான் மலர்ந்து. குத்தல் பேச்சு அவனுக்குள் இறங்காது. ஏழு பேர் தின்றதற்கும் சேர்த்து நான் எழுதிய மொய் எந்த சர்வீஸ் பில்லிலும் வராத உதிரிபாகம்.

அதே வாரத்தில் போலீஸ் அபராதச் சீட்டும் என் போனுக்கு வந்தது. சீட் பெல்ட் போடாததற்கு ஆயிரம் ரூபாய். போட்டோவில் தம்பி கறுப்புக் கண்ணாடியோடு பிரமாதமாக இருந்தான். "பெல்ட் போட்டா முன்னால குனிஞ்சு இன்ஜின் சத்தத்தக் கவனிக்க முடியாதுண்ணே" என்று விளக்கம். பிறகு, "அந்தப் போட்டோவ எனக்கு அனுப்புங்களேன்" என்றான்.

சரி, கேமரா வைத்துப் பார்ப்போம் என்று ஒன்று வாங்கி மாட்டினேன். திரும்பி வந்தபோது பதிவில் கைக்குட்டையின் பூப்போட்ட துணி மட்டும் மணிக்கணக்காக ஓடியது. "தூசி பட்டுரும்னு மூடி வச்சோம்ணே." அமெரிக்காவிலேயே இந்தக் கேமரா பாச்சா பலிக்கவில்லை. செவர்லே கார்வெட்டின் 2015 மாடலில், பார்க்கிங் ஆளிடம் சாவி கொடுத்தால் அவன் எப்படி ஓட்டுகிறான், என்ன பேசுகிறான் என்பதைக் காரே பதிவு செய்யும் வசதி வைத்தார்கள். சொல்லாமல் பேச்சைப் பதிவு செய்வது சில மாநிலங்களில் சட்டப்படி தப்பு என்று, 2014இல் கம்பெனியே அந்த வசதியைப் பயன்படுத்தவேண்டாம் என்று உரிமையாளர்களுக்குச் சொல்லவேண்டியதாயிற்று. அந்த ஊர்த் தம்பிக்குச் சட்டம் துணை. இந்த ஊர்த் தம்பிக்குக் கைக்குட்டை.

வண்டி டெலிவரி விஷயத்தில் எங்கள் ஊருக்குப் பழைய அனுபவம் உண்டு. திருப்பெருந்துறை என்பது இதுதான். குதிரை வாங்கச் சொல்லி அரிமர்த்தன பாண்டியன் கொடுத்த பணத்தை மாணிக்கவாசகர் இங்கே கோயிலுக்குச் செலவழித்துவிட்டார். ஆவணி மூலத்தன்று டெலிவரி என்று மதுரைக்குத் தகவல் போயிற்று. சொன்ன நாளில் சிவபெருமானே குதிரை வியாபாரியாக ஓட்டிப்போய், கயிறு மாற்றிக் கொடுத்து, இனிமேல் எங்களுக்குப் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டு வந்தார் என்பது கதை. ராத்திரியில் அத்தனையும் நரியாகி, லாயத்தில் இருந்த நல்ல குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடின. கோயில் மண்டபத் தூணில் குதிரைமேல் அந்த வியாபாரியை இன்றைக்கும் பார்க்கலாம். டெலிவரி சீட்டில் கையெழுத்துப் போட்டபின் வண்டி ஊளையிட்டால் கம்பெனியைக் கேட்காதே என்ற விதியை அவர் பக்தனுக்காக ஒரு தடவை பயன்படுத்தினார். இவர்கள் தினமும் பயன்படுத்துகிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், சட்டத்திலும் குதிரைதான் வருகிறது. 1872ஆம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 154ஆம் பிரிவு. ஒப்படைத்த பொருளை, ஒப்படைத்த காரியத்தை விட்டு வேறு வழியில் பயன்படுத்தினால், அதனால் வரும் சேதத்துக்கு வாங்கி வைத்தவனே பொறுப்பு. சட்டமே ஒரு உதாரணம் சொல்கிறது. கல்கத்தாவில் ஒருவன் காசிக்குப் போவதாகச் சொல்லிக் குதிரையை வாடகைக்கு எடுக்கிறான். காசிக்குப் போகாமல் கட்டாக் போகிறான். ஜாக்கிரதையாகத்தான் ஓட்டுகிறான், தற்செயலாகக் குதிரை விழுந்து அடிபடுகிறது. இருந்தாலும் நஷ்டஈடு அவன்தான் தரவேண்டும்.

இதைத் தம்பிக்கு நிதானமாக விளக்கினேன். கன்னத்தில் கை வைத்துக் கேட்டான்.

"கட்டாக் இங்கேருந்து எவ்வளவு தூரம்ணே?"

இவன்மேல் முழுதாக வெறுப்பும் வருவதில்லை. ஒரு மழை ராத்திரியில் மீமிசல் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ரேடியேட்டர் ஹோஸ் கிழிந்து குடும்பத்தோடு நின்றேன். கம்பெனியின் அவசர உதவி எண்ணில் ஒரு பெண்குரல் காத்திருக்கச் சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டது. தம்பிக்குப் போன் செய்தேன். வந்தான். செல்போன் விளக்கை வாயில் கவ்விக்கொண்டு, சேற்றில் மல்லாந்து படுத்து, கொண்டுவந்திருந்த ஹோஸை மாட்டி, கிளிப்பை இறுக்கி, தண்ணீர் ஊற்றி, இன்ஜின் சூடு இறங்கும் வரை கூடவே நின்றான். காசு வாங்கவில்லை. அவன் வந்த வண்டியில் ஏசி போட்டு எங்களை உட்கார வைத்திருந்தான். பெரிய வண்டி, தோல் சீட்டு.

"யார் வண்டி தம்பி இது?"

"ஒரு டாக்டர் வண்டிண்ணே. நாளைக்கு டெலிவரி."

மேலே நான் கேட்கவில்லை. அந்த டாக்டர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

ஆனால் பாசம் வேறு, கணக்கு வேறு. அவன் ஓட்டும்போது யார்மீதாவது மோதியிருந்தால்? பழுதுபார்க்க விட்ட வண்டி ஒர்க்‌ஷாப் ஆள் கையில் விபத்தானால், அடிபட்ட மூன்றாம் மனிதருக்கு அந்த வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பிலிருந்து நழுவ முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1988இலேயே சொல்லியிருக்கிறது. அடிபட்டவருக்கு அது நல்லது. எனக்கு? போலீஸ் ஸ்டேஷனில் நிற்பது என் ஆர்.சி. புத்தகம். கோர்ட்டு சம்மனில் வருவது என் பேர். கறி தின்ற ஏழு பேரில் ஒருத்தன் பேரும் அதில் இருக்காது.

மேலே இருக்கும் மேனேஜரிடம் போனால் அவர் எழுந்து நின்று வருத்தம் தெரிவிக்கிறார். "பையன்கிட்டப் பேசுறேன் சார்." பிறகு ஒரு வாட்டர் வாஷ் இலவசம் என்கிறார். இருபது ரூபாய் திருகாணிக்கு ஜி.எஸ்.டி. போட்டு பில் கொடுக்கத் தெரிந்த கம்பெனிக்கு, வண்டி உள்ளே வந்தபோது எத்தனை கிலோமீட்டர், போகும்போது எத்தனை என்று ஜாப் கார்டில் இரண்டு எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதத் தெரியவில்லை என்றால் நான் நம்பவேண்டுமா? வேண்டுமென்றே எழுதுவதில்லை. பையனுக்குச் சம்பளத்தைக் குறைத்துக் கொடுத்து, மீதியை என் வண்டியில் சவாரியாகக் கொடுக்கிறார்கள். தம்பி செய்வது திருட்டு என்றால் அதை அனுமதிப்பவர்கள் ஏசி ரூமில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அதனால் இப்போதெல்லாம் சாவி கொடுக்கும்போதே கிலோமீட்டரையும் பெட்ரோல் முள்ளையும் போட்டோ எடுத்து, தம்பியையும் பக்கத்தில் நிற்க வைத்துக்கொள்கிறேன். சிரித்தபடி நிற்கிறான். "ட்ரையல் 5 கிலோமீட்டருக்கு மேல் கூடாது" என்று ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன். ஃபாஸ்டாக் மெசேஜ் எதையும் அழிப்பதில்லை. 2019ஆம் வருடத்து நுகர்வோர் சட்டப்படி, கம்பெனி எங்கே இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட்டால் போதும். 1915க்குப் போன் செய்து புகாரும் சொல்லலாம். இதையெல்லாம் மேனேஜர் காதில் விழும்படி ஒருமுறை சொன்னதிலிருந்து அவர் எழுந்து நிற்பதில்லை, உட்காரச் சொல்கிறார். தம்பி மட்டும் மாறவில்லை.

போன வாரம் அவனே போன் செய்தான்.

"அண்ணே, வண்டி சர்வீஸ் டியூ வந்துருச்சு. ஆடி பொறந்ததும் எடுத்துக்கிறட்டா?"

"இன்னும் மூவாயிரம் கிலோமீட்டர் இருக்கே தம்பி?"

"அது ஓடிரும்ணே" என்றான்.