முத்தத்துக்கு மன்னிப்பு, தேநீருக்குத் தடை

ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டிக்கொள்ளப்போகும் விளையாட்டு வீரர்களுக்கு இலவச ஆலோசனை ஒன்று. உங்கள் சிறுநீரில் கொகைனின் தடயம் இருப்பதாகக் கடிதம் வந்தால், தேநீர் குடித்தேன் என்று வாய்தவறிக்கூடச் சொல்லாதீர்கள். முத்தம் கொடுத்தேன் என்று சொல்லுங்கள்.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பிரான்ஸின் டென்னிஸ் வீரர் ரிஷார் காஸ்கே 2009இல் மயாமியில் இப்படித்தான் சிக்கினார். இரவு விடுதியில் ஒரு பெண்ணுக்குக் கொடுத்த முத்தத்தின் வழியே கொகைன் தன் உடலுக்குள் வந்துவிட்டது என்றார். அந்த டிசம்பரிலேயே லோசான் நகரத்து விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அவரை முழுதாக விடுவித்தது. 2016இல் கனடாவின் கோலூன்றித் தாண்டும் வீரர் ஷான் பார்பருக்கும் அதே புகார், அதே முத்தம். ரியோ ஒலிம்பிக்கில் தடையின்றித் தாண்டினார். இரண்டு தீர்ப்பிலும் எனக்கு ஒரு குறையும் இல்லை. முத்தமிடும் முன் ஆய்வக அறிக்கை கேட்டு வாங்கும் அளவுக்கு மனிதகுலம் இன்னும் முன்னேறவில்லை.

பெருவின் கால்பந்து அணித்தலைவர் பாவோலோ கெரேரோ செய்ததோ அதைவிடப் பெரிய பாதகம். அவர் தேநீர் குடித்தார்.

2017 அக்டோபர் 5, புவனோஸ் ஐரிஸில் அர்ஜென்டினாவுடன் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டம். முடிந்ததும் எடுத்த சிறுநீரில் பென்சாயில்எக்கோனின் இருந்தது. கொகைன் உடலுக்குள் சிதையும்போது உண்டாகும் பொருள் அது. கோகா இலையைக் கொதிக்கவைத்துக் குடித்தாலும் அதேதான் உண்டாகும். மூக்கால் இழுத்த தூளா, குவளையில் மிதந்த இலையா என்று சோதனைக் குப்பிக்குத் தெரியாது. தான் கோகா தேநீர் கேட்கவே இல்லை, கொடுத்த தேநீரில் அது கலந்திருக்க வேண்டும் என்றார் கெரேரோ. ஃபிஃபா முதலில் ஓராண்டுத் தடை போட்டது, பிறகு ஆறு மாதமாகக் குறைத்தது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமைக்கு மனம் ஆறவில்லை; நடுவர் நீதிமன்றத்தின் படியேறியது. 2018 மே மாதம், 36 ஆண்டுகளுக்குப் பிறகு பெரு உலகக் கோப்பையில் கால்வைக்க ஒரு மாதமே இருந்தபோது, தடை 14 மாதமாக உயர்ந்தது.

திறமையைக் கூட்டிக்கொள்ள அவர் முயலவில்லை என்று அந்த நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. பெரிய தவறும் இல்லையாம். கொஞ்சம் அலட்சியமாம். அந்தக் கொஞ்சத்துக்குத்தான் 14 மாதம்.

அவர் தரப்பு வழக்கறிஞர்கள் சாட்சிக்குக் கூப்பிட்டது யாரைத் தெரியுமா? செத்து 500 ஆண்டு ஆன குழந்தைகளை. யுயாயாக்கோ எரிமலையில் 6,700 மீட்டருக்கு மேல் இன்காக்கள் பலிகொடுத்த மூன்று பேரின் உடல்கள் 1999இல் பனியில் உறைந்தபடி கிடைத்தன. மூவரில் மூத்த பெண்ணின் பற்களுக்கிடையே கோகா இலை அப்படியே இருந்தது. கெரேரோவின் சிறுநீரில் கண்ட அதே கெட்ட பொருள் அவர்கள் தலைமுடியிலும் இருக்கிறது, அதற்காக அவர்கள் கொகைன் அடிமைகளா என்பதுதான் வாதம். அந்தக் குழந்தைகளுக்குத் தடை விதிக்காமல் விட்டார்களே, அதுவே பெருந்தன்மை.

பெருவோடு மோதவிருந்த ஆஸ்திரேலியா, டென்மார்க், பிரான்ஸ் அணிகளின் தலைவர்கள் மூவரும் அவரை ஆடவிடுங்கள் என்று ஃபிஃபாவுக்கு எழுதினார்கள். அவர் வந்தால் தங்கள் வலைக்குள்தான் பந்து விழும் என்று தெரிந்தே எழுதினார்கள். சுவிட்சர்லாந்தின் உச்ச நீதிமன்றம் தடையைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அவர் கோல் அடிக்கவும் செய்தார். கோப்பை முடிந்ததும் தடை திரும்பி வந்தது. மிச்சத்தை அடுத்த ஆண்டு ஏப்ரல் வரை அனுபவித்தார்.

உலகமே நடுங்கும் அந்த இலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஆண்டீஸ் மலைக்காரர் இடுப்பில் ஒரு நெய்த பை தொங்கும். அதிலிருந்து ஓர் இலையாக எடுத்து, காம்பையும் நடுநரம்பையும் பல்லால் உருவித் துப்பிவிட்டு, கன்னத்தில் ஒதுக்குவார். நாம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதுபோல, கீன்வாத் தண்டைச் சுட்ட சாம்பல் கட்டியில் ஒரு கிள்ளு சேர்ப்பார். சாறு இறங்கக் கன்னம் மரத்துப்போகும், பசி மட்டுப்படும், ஏற்றத்தில் தலைகிறுகிறுப்பு அடங்கும். அவ்வளவுதான். தேநீர்ப் பை ஒன்றில் இருப்பது ஒரு கிராம் இலை. அதில் கொகைன் ஐந்து மில்லிகிராம் சுமார். குடித்தவர் பறக்கமாட்டார், ஆனால் சிறுநீர் ஒரு நாள்வரை காட்டிக்கொடுக்கும். இலையிலிருந்து வெள்ளைத் தூளுக்குப் போக நூற்றுக்கணக்கான கிலோ இலையும் மண்ணெண்ணெயும் அமிலமும் வேண்டும். அந்தத் தூள் குடிகெடுக்கும் சனியன் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. திராட்சைத் தோட்டத்துக்குள் போனவனைக் குடிபோதையில் வண்டி ஓட்டியதாகப் பிடிக்கிறார்களே என்பதுதான் கேள்வி.

இன்காக்களின் அஞ்சல் ஓட்டக்காரர்கள், சாஸ்கிகள், இந்த இலையை ஒதுக்கிக்கொண்டுதான் முடிச்சுக் கயிற்றுச் செய்தியோடு சாவடிக்குச் சாவடி ஓடினார்கள். மலைப்பாதையில் தூரத்தையே ஒரு வாய் இலை தீர எவ்வளவு நேரம் என்று அளந்தவர்கள் அவர்கள். ஸ்பானியப் பாதிரிகள் வந்து, இது பிசாசின் இலை என்றார்கள். பொத்தோசி வெள்ளிச் சுரங்கத்தில் இலை இல்லாமல் பூர்வகுடியினர் இறங்க மறுத்ததும் பிசாசுக்கு ஞானஸ்நானம் ஆயிற்று. விளைச்சலில் தசமபாகம் திருச்சபைக்குப் போனது. பின்னாளில், இந்த இலையை ஊறவைத்த மரியானி ஒயினுக்குப் போப் பதின்மூன்றாம் லியோ தங்கப் பதக்கமே கொடுத்தார். 2015இல் போப் பிரான்சிஸ் பொலிவியாவுக்குப் பறந்தபோது விமானத்திலேயே கோகா கலந்த தேநீர் குடித்தார். நல்லவேளை, அவர் 90 நிமிடம் பந்து உதைக்கவில்லை.

வெள்ளைக்காரன் மென்றபோது அது விஞ்ஞானம். எடின்பரோவின் மருத்துவப் பேராசிரியர் சர் ராபர்ட் கிறிஸ்டிசன் 78 வயதில் இலையை மென்றபடி பென் வோர்லிக் மலை ஏறி இறங்கி, களைப்பே இல்லை என்று மருத்துவ இதழில் எழுதினார். 1876இல் அமெரிக்க நடைப்பந்தய வீரர் எட்வர்ட் வெஸ்டன் லண்டனில் மென்றுகொண்டே நடந்தார். மருத்துவர்கள் சுவாரசியமாக விவாதித்தார்கள். 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தானில் தாமஸ் ஹிக்ஸுக்கு அவருடைய ஆட்களே ஸ்ட்ரிக்னைன் என்ற நஞ்சை முட்டை வெள்ளைக்கருவோடும் பிராந்தியோடும் ஊற்றி, செத்த பிணம்போல இழுத்துக்கொண்டு போனார்கள். தங்கப் பதக்கம் இன்றைக்கும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

இந்த இலை நிஜமாகவே ஓட்டக்காரனுக்கு உதவுகிறதா? 1990களில் பொலிவியாவின் லா பாஸில் ஆய்வாளர்கள் இலை மென்றவர்களை மூச்சு முட்டும்வரை மிதிவண்டி மிதிக்கவைத்துப் பார்த்தார்கள். இரத்தத்தில் கொழுப்பமிலம் கூடியது. உச்சத் திறன் கூடவில்லை. காஃபின் கதை வேறு. உடல் எடையில் கிலோவுக்கு மூன்று முதல் ஆறு மில்லிகிராம் காஃபின் நெடுந்தூர ஓட்டத்தில் பலன் தருகிறது என்பது திரும்பத் திரும்ப நிரூபணமானது. திறமையைக் கூட்டும் பொருளைத் தடுப்பதுதான் முகமையின் வேலை என்றால், எதைத் தடை செய்திருக்க வேண்டும்? 2004இல் காஃபினைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். காபி குடிக்காத உலகத்தை யாரால் கற்பனை செய்ய முடியும்! இலை மெல்லாத ஆண்டீஸை மட்டும் ஜெனீவாவிலும் வியன்னாவிலும் உட்கார்ந்து சுலபமாகக் கற்பனை செய்துவிட்டார்கள்.

கற்பனை என்றா சொன்னேன்? சட்டமாகவே எழுதினார்கள். 1949இல் ஐக்கிய நாடுகள் சபை இலையைப் பற்றி விசாரிக்க ஒரு குழுவை அனுப்பியது. தலைவர் ஹவார்ட் ஃபோண்டா, அமெரிக்க மருந்துக் கம்பெனி ஒன்றின் துணைத் தலைவர். லிமாவில் இறங்கியதுமே, விசாரணை தொடங்கும் முன்பே, இந்த மெல்லும் பழக்கம்தான் பூர்வகுடி இனத்தின் சீரழிவுக்குக் காரணம் என்று பேட்டி கொடுத்துவிட்டார். நிலம் போனது, சுரங்கம் தின்றது, பட்டினி கிடந்தார்கள் என்பதெல்லாம் அவர் கண்ணில் படவில்லை; கன்னத்துப் புடைப்பு மட்டும் பட்டது. அந்த வழியில் வந்தது 1961ஆம் ஆண்டு போதைமருந்து உடன்படிக்கை. இலையை ஹெராயினோடு ஒரே அட்டவணையில் உட்காரவைத்தார்கள். 49ஆம் பிரிவு, உடன்படிக்கை நடைமுறைக்கு வந்து 25 ஆண்டுகளுக்குள் இலை மெல்வதை ஒழித்துவிட வேண்டும் என்று நாள் குறித்தது. ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழக்கத்துக்கு, அதை மெல்பவர் ஒருவரையும் கேட்காமல், கெடு 1989.

அதே உடன்படிக்கையைக் கொஞ்சம் பின்னோக்கிப் புரட்டுங்கள். 27ஆம் பிரிவு: ஆல்கலாய்டு நீக்கிய சுவையூட்டி தயாரிக்க இலையைப் பயன்படுத்தலாம், இறக்குமதி செய்யலாம், வைத்திருக்கலாம். ஆண்டீஸின் குவெச்சுவா விவசாயி கன்னத்தில் வைத்தால் போதைப்பொருள், பானக் கம்பெனி பீப்பாயில் வைத்தால் வாசனைப் பொருள். நியூ ஜெர்சியின் மேவுட் ஊரில் ஸ்டெப்பன் கம்பெனியின் ஆலை ஒன்று அமெரிக்க அரசின் அனுமதியோடு பெருவிலிருந்து இலை தருவிக்கிறது. கொகைனைப் பிரித்து மருத்துவத்துக்கு விற்கிறது. மிஞ்சிய சாறு கோகா-கோலாவுக்குப் போகிறது. கோகா-கோலா 1928 முதல் ஒலிம்பிக்கின் புரவலர், ஃபிஃபாவின் பழைய கூட்டாளி. கெரேரோவை உள்ளே விடலாமா கூடாதா என்று நீதிமன்றங்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த 2018 உலகக் கோப்பையில், மைதானத்து விளம்பரப் பலகைகளுக்கு மட்டும் யாரும் சிறுநீர்ச் சோதனை நடத்தவில்லை.

2009இல் பொலிவியாவின் அதிபர் இவோ மொராலஸ் வியன்னாவில் ஐ.நா. கூட்டத்துக்குள் ஓர் இலையைத் தூக்கிக் காட்டி வாயில் போட்டு மென்றார். அந்த ஆண்டே பொலிவியாவின் புதிய அரசியல் சட்டம் இலையைப் பண்பாட்டுச் சொத்து என்று அறிவித்தது. 2011இல் உடன்படிக்கையிலிருந்து விலகி, இலை மெல்லும் உரிமையை விலக்காகப் பதிந்துகொண்டு 2013இல் திரும்பச் சேர்ந்தது. தடுக்க 62 நாடுகளின் ஆட்சேபம் வேண்டியிருந்தது. 15 நாடுகள் கைதூக்கின. அதில் பிரிட்டன் ஒன்று: தேயிலைக்குக் காசு புரட்டச் சீனர்களுக்கு அபினி விற்று, வாங்க மறுத்ததற்குப் போர்க்கப்பல் அனுப்பிய அதே பிரிட்டன். நெதர்லாந்து இன்னொன்று: ஜாவாவில் கோகாத் தோட்டம் போட்டு, ஆம்ஸ்டர்டாமில் 1900இல் கொகைன் ஆலையே திறந்து, ஏற்றுமதியில் பெருவையே பின்னுக்குத் தள்ளிய அதே நெதர்லாந்து. பொலிவியக் கிழவி சந்தையில் இலை மென்றால் இவர்களுக்கு மனம் தாங்கவில்லை.

ஆட்சேபம் தோற்றது. ஆனால் ஊக்கமருந்துப் பட்டியலிலிருந்து கொகைன் நீங்கவில்லை. 3,600 மீட்டர் உயரத்து லா பாஸில் ஓடும் பொலிவியரைச் சுற்றி நின்று பார்ப்பவர்கள் இலை மெல்லலாம், போக்குவரத்துக் காவலர் மெல்லலாம், மூச்சு வாங்கும் சுற்றுலாப் பயணிக்கு விடுதியில் கோகா தேநீர் தரலாம். ஓடுகிறவர் மட்டும் தொடக்கூடாது. தாகமாக இருந்தால் கோலா குடிக்கட்டும்.