மதியப் பந்திக்கு வரும் மீன்

கேள்வி: நவம்பரில் அமெரிக்காவின் மொன்டானா மலையாறுகளில் டிரவுட் மீன் பிடிக்கப் போகிறவர்கள் விடியற்காலையில் எழ வேண்டாமாமே, நிஜமா?

பதில்: நிஜம்தான், இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கலாம். தண்ணீர் சில்லிட்டால் டிரவுட்டுக்குப் பசி மந்தம். நண்பகல் தாண்டித்தான் பந்திக்கு வரும். வானம் மூடித் தூறலும் விழுந்தால் யோகம்! அரிசி அளவே உள்ள பேட்டிஸ் பூச்சிகள் நீர்மேல் மிதந்து வரும். அவற்றைப் போலவே தெரிய இறகும் நூலும் சுற்றிய 20ஆம் எண் குட்டித் தூண்டில் முள் போதும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பழுப்பு டிரவுட்டுக்கு இது பிரசவ காலம். பெண் மீன் வாலால் அடித்துக் கூழாங்கல்லில் குழி பறித்து முட்டையிடும். பாசி நீங்கி வெளுத்த அந்தத் திட்டில் காலை வைத்தால் முட்டைகள் நசுங்கிவிடும். சுற்றிப் போங்கள், அங்கே நிற்கும் மீனுக்குத் தூண்டில் போடவே போடாதீர்கள்.