காது மிஷின் காதில் ஏறாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

அப்பாவுக்குக் காது மிஷின் வாங்கிவிட்டீர்கள். நல்லது. மதுரையில் ஏசி அறையில் உட்காரவைத்து, இரண்டு காதிலும் மாட்டி, "கேக்குதாங்கய்யா?" என்று கேட்டு, அவரும் தலையாட்டி, பில்லைக் கட்டித் தேனி மாவட்டத்துக் கம்பத்துக்குக் கூட்டிவந்தாகிவிட்டது. இனி உங்கள் முன் இருப்பது ஒரே வேலை: அவர் அதைப் போட்டுப் பழகிவிடாமல் பார்த்துக்கொள்வது. பயப்படாதீர்கள். பாதிப் பயிற்சி உங்களுக்கு ஏற்கெனவே உண்டு. மீதியை முறைப்படுத்தித் தருகிறேன். ஆண்டிபட்டியிலிருந்து கூடலூர் வரை எந்த வீட்டிலும் செய்து பார்க்கலாம். புதுச் செலவு கிடையாது.

1. வாங்கிய அன்றே வேலை முடிந்தது என்று அறிவியுங்கள்.

"இது ஆரம்ப செட்டிங்தான், ரெண்டு வாரம் போட்டுப் பாருங்க, எங்க இடிக்குதுன்னு சொல்லுங்க, மாத்தித் தர்றேன்" என்று ஆடியாலஜிஸ்ட் சொல்லியிருப்பார். மறந்துவிடுங்கள். காதைச் சோதித்து எடுத்த ஆடியோகிராமைக் கணினியில் ஏற்றினால், எந்த அலைவரிசையை எவ்வளவு கூட்டுவது என்று ஒரு சூத்திரம் கணக்குப் போட்டுத் தரும். பரவலாகப் புழங்கும் சூத்திரங்களில் ஒன்று ஆஸ்திரேலியாவின் தேசிய ஒலியியல் ஆய்வகம் வகுத்தது. சிட்னியில் போட்ட கணக்கு சின்னமனூருக்கு ஒத்துவராமலா போய்விடும்?

2. முதல் நாளே வீரபாண்டித் திருவிழாவுக்குக் கூட்டிப்போங்கள்.

பல வருடம் சத்தம் குறைந்த உலகில் இருந்த மூளை, புதுச் சத்தத்துக்குப் பழகச் சில வாரங்கள் ஆகும். முதலில் அமைதியான அறையில், ஒருவரோடு, ஒன்றிரண்டு மணி நேரம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும் என்பார்கள். அதெல்லாம் பொறுமைசாலிகளுக்கு. சித்திரையில் கௌமாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போங்கள். மேளம், தீச்சட்டிக் கூட்டம், ராட்டினத்துப் பாட்டு, கடைக்குக் கடை மைக் செட் என எல்லாம் ஒரே நேரத்தில் காதுக்குள் இறங்கட்டும். அன்று ராத்திரியே கழற்றிவிடுவார். சித்திரை தள்ளியிருந்தால் கவலை வேண்டாம், கல்யாண மண்டபம் போதும்.

3. கத்துங்கள்.

மிஷின் போட்டிருந்தாலும் கத்துங்கள். வயதால் வரும் காதுக்குறை பெரும்பாலும் மேல் அலைவரிசையில்தான் முதலில் கைவைக்கும். ஆ, ஓ என்ற உயிரொலி நன்றாகவே விழும். ச, த, க, ப ஆகியவற்றின் கூர்மைதான் போய்விடும். சட்டி, தட்டி, கட்டி, பட்டி நான்கும் ஒன்றுபோலக் கேட்கும். அம்மா சட்டி கேட்டதைக் கட்டி என்று நினைத்து அப்பா டாக்டருக்குப் போன் போட்ட வீடுகள் உண்டு. இதற்குச் சத்தத்தைக் கூட்டிப் பயனில்லை. மெல்லிய சத்தம் கேட்காத அதே காதுக்குப் பெரிய சத்தம் சட்டென்று வலிக்கவும் செய்யும். அதனால்தான் நாலு தடவை "என்ன?" என்று கேட்டவர், ஐந்தாவது தடவை, "ஏன்டா இப்பிடிக் கத்துற, எனக்கென்ன காதா கேக்கல?" என்கிறார். அவரைப் பிடிவாதக்காரர் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிவையுங்கள்.

4. பேச வேண்டியதை எல்லாம் அடுப்படியிலிருந்து பேசுங்கள்.

மிக்ஸி ஓட வேண்டும். குக்கர் விசில் வர வேண்டும். முகத்தைக் காட்டக் கூடாது. ஒன்றிரண்டு மீட்டர் தூரத்தில், முகம் பார்த்துப் பேசினால் கருவி நன்றாக வேலை செய்துவிடும். அந்த ஆபத்தை வாங்கிக்கொள்ளாதீர்கள்.

5. வீட்டுக்கு மட்டும் யாரையும் வரவிடாதீர்கள்.

இதுதான் மூலப்பாடம். மற்றதில் சறுக்கினாலும் இதில் சறுக்கக் கூடாது. ஒரு ஆடியாலஜிஸ்ட் மடிக்கணினியோடு உங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் காற்று. ஆனி, ஆடியில் கேரளத்து மழையோடு மலையைத் தாண்டிப் பள்ளத்தாக்குக்குள் பாயும் காற்றில்தான் ஆண்டிபட்டிப் பக்கத்துக் காற்றாலைகள் சுற்றுகின்றன. அதே காற்று காதுக்குப் பின்னால் இருக்கும் மைக்கிலும் மோதும். திராட்சைப் பந்தலுக்குள் நிற்கிறவருக்கு லாரி ஓடுவது போன்ற இரைச்சல். கடையின் கண்ணாடிக் கதவுக்குள் இந்தக் காற்று கிடையாது, அதனால் அங்கே புகாரும் எழாது. பல கருவிகளில் காற்று இரைச்சலைக் குறைக்கும் வசதி இருக்கிறது. ஆடியாலஜிஸ்ட் இங்கே வந்து நின்றால் அதைத் திறந்து, கூட்டிக் குறைத்துவிட்டுப் போய்விடுவார்.

அடுத்தது துண்டு. கடைக்குப் போனபோது அப்பா சட்டை போட்டு, தலையைச் சீவி, மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். வீட்டிலோ தலையில் துண்டைக் கட்டிவிடுகிறார். துண்டு மைக்கை மூடினால் வெளியே வந்த சத்தம் திரும்ப உள்ளே போய்க் கீச்சென்று விசில் அடிக்கும். காதுக்குள் இருக்கும் மோல்டு தளர்ந்திருந்தாலும், அழுக்கு அடைத்திருந்தாலும் அப்படியே. "மிஷின் பாட்டுப் பாடுது" என்று பேரப்பிள்ளைகள் சிரிக்கும். வந்தவர் துண்டைப் பார்த்த நிமிஷத்தில் விஷயத்தைப் பிடித்துவிடுவார்.

அப்புறம் அம்மா. கடையில் அப்பா கேட்டது ஆடியாலஜிஸ்டின் குரலை. அது தெளிவாகப் பேசிப் பழகிய குரல், நிதானமான குரல். வீட்டில் அவர் கேட்க வேண்டியது ஐம்பது வருஷமாகக் கேட்டும் கேட்காமலும் இருந்த ஒரு குரலை. அந்தக் குரலை எதிரில் பேசவைத்துக் கருவியைத் திருத்தினால் அது அம்மாவுக்கு ஏற்றபடி அமைந்துவிடும். பிறகு நடப்பதற்கு நான் பொறுப்பில்லை.

டிவி எத்தனையில் வைக்கிறார், போனைக் காதின் எந்த இடத்தில் பிடிக்கிறார், விடிகாலையில் ஏலத் தோட்டத்துக்கு ஆளேற்றும் ஜீப் ஹார்ன் எவ்வளவு உறுத்துகிறது, தாமாகவே மாட்டக் கைவிரல் ஒத்துழைக்கிறதா: எல்லாம் அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். வீட்டு மானம் முக்கியம்.

6. "வீட்ல சவுண்ட்ப்ரூஃப் ரூம் இருக்கா?" என்று கேளுங்கள்.

யாராவது வந்தே தீருவேன் என்றால் இந்தக் கேள்வியைப் போடுங்கள். காதைச் சோதிக்கச் சத்தம் புகாத அறை வேண்டும் என்பது உண்மை. அந்தச் சோதனையை மருத்துவமனையிலோ மையத்திலோதான் ஒழுங்காகச் செய்ய முடியும். சோதித்த பிறகு செய்யும் திருத்தத்துக்கு நேர்மாறாகச் சத்தமுள்ள வீடுதான் வேண்டும். இரண்டையும் குழப்பிவிடுங்கள். படித்தவர்களே குழம்புவார்கள்.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதிலிருந்து ஊர்ப் பழக்கமே கெட்டுப்போனது. பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, பிசியோதெரபி எல்லாம் வாசலுக்கு வருகின்றன. காதுக்கும் அப்படி வந்தால் என்ன என்று அப்பத்தா கேட்டால் பேச்சை மாற்றுங்கள். அதுதான் அவருக்கும் சரியாகக் கேட்காதே.

7. மதுரைக்கே போக வேண்டும் என்று அடம்பிடியுங்கள், ஆனால் போகாதீர்கள்.

கம்பத்திலிருந்து மதுரைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். கால் மணி நேரத் திருத்தத்துக்கு ஒரு முழு நாள், மூட்டுவலிக்காரருக்கு இரண்டு பஸ், வழியில் கழிப்பறைக் கவலை. "2023 ஜூன்லருந்து போடிக்கே ரயில் வருதே" என்று யாராவது ஆரம்பித்தால், "நமக்குக் கம்பம்ல" என்று முடித்துவிடுங்கள். அந்தப் பாதை போடியோடு நின்றுவிடுகிறது. இந்த ஒரு விஷயத்தில் ரயில்வே நம் பக்கம். மதுரை போகும் வழியிலேயே க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருப்பதை நீங்களாக நினைவுபடுத்த வேண்டாம்.

புளூடூத் உள்ள புதுக் கருவிகள் சிலவற்றைப் போன் செயலி வழியாக, ஆடியாலஜிஸ்ட் தன் இடத்தில் இருந்தபடியே திருத்த முடியும். அப்பாவிடம் பட்டன் போனே இருக்கட்டும். உங்கள் ஸ்மார்ட்போனை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

8. பேட்டரியைக் கவனியுங்கள். அதாவது, வீணாக்குங்கள்.

காது மிஷின் பேட்டரி காற்றை இழுத்து வேலை செய்கிற ஜாதி. ஸ்டிக்கரை உரித்த நிமிஷத்திலிருந்து, போட்டாலும் போடாவிட்டாலும் தேயும். திரும்ப ஒட்டினாலும் பழைய நிலைக்கு வராது. ஆகவே அட்டையில் உள்ள ஆறையும் ஒரே நாளில் உரித்துவையுங்கள். உரித்தவுடன் ஒரு நிமிஷம் காற்றாடவிட்டுப் போடுவது நல்லது என்று சொல்வார்கள், கேட்காதீர்கள். வாங்கப் போகும்போது அளவு மாற்றி வாங்குங்கள். 10க்கு மஞ்சள், 312க்குப் பழுப்பு, 13க்கு ஆரஞ்சு, 675க்கு நீலம் என்று நிறம் போட்டே விற்கிறார்கள். மாற்றி வாங்குவது கஷ்டம்தான், ஆனால் முடியும்.

9. கோள்மூட்டியிடம் எச்சரிக்கை.

பல டிஜிட்டல் கருவிகள் ஒரு நாளைக்குச் சராசரியாக எத்தனை மணி நேரம் ஓடின என்று தமக்குள் குறித்துவைத்துக்கொள்கின்றன. கணினியில் சொருகினால் உண்மை வெளியே வரும். "தினமும் போடுறாருங்க" என்று நீங்கள் சொல்லும்போதே திரையில் "பன்னிரண்டு நிமிடம்" என்று நிற்கும். பேட்டரிக் கதவை மூடியபடி டப்பாவுக்குள் வைத்தால் கருவி ஓடிக்கொண்டே இருக்கும், கணக்கும் ஏறும். ராத்திரி பகலாக ஒரு மனுஷன் மிஷினைக் கழற்றவில்லை என்றால் சந்தேகம் வரத்தான் செய்யும். பக்தி என்று சொல்லிச் சமாளியுங்கள்.

10. முகாமில் வாங்கியதென்றால் போட்டோ எடுத்ததும் கிளம்புங்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் அடிப் (ADIP) திட்டத்திலும், 2017இல் வந்த மூத்தோருக்கான வயோஸ்ரீ திட்டத்திலும் தகுதி உள்ளவர்களுக்குக் கருவி இலவசம். இலவசம்தானே என்று அதைத் திருத்தக் கேட்பதை நன்றிகெட்ட காரியம் என்று அப்பாவுக்குப் புரியவையுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் தேனிக் கலெக்டர் ஆபீஸ் பக்கம் இருக்கிறது என்றால், இருக்கட்டும்.

11. நாள் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் யாராவது போன் செய்து, "நாங்களே வீட்டுக்கு வந்து செட் பண்ணித் தர்றோம்" என்றால் மறுக்காதீர்கள், தள்ளிப்போடுங்கள். ஆடி ஆகாது. ஆவணி முகூர்த்த மாதம், வீட்டில் ஆள் இருக்காது. புரட்டாசியில் கோயில். ஐப்பசியில் தீபாவளி, அதோடு அடைமழை. கார்த்திகையில் மாலை போட்டவர்கள் குமுளி வழியாகச் சபரிமலைக்குப் போகிற நெரிசலில் கம்பம் ரோட்டில் கார் நகராது. மார்கழியில் நல்ல காரியம் செய்வதில்லை. தையில் பொங்கல், பிறகு அறுப்பு. மாசி, பங்குனி பரீட்சைக் காலம், பேரப்பிள்ளைகள் படிக்க வேண்டும். சித்திரையில் திருவிழா. வைகாசியில் மறுபடி கல்யாணங்கள். ஆனியில் காற்று ஆரம்பித்துவிடும்.

அதற்குள் வாரண்டி முடிந்திருக்கும். அதன்பின் அவர்களும் கூப்பிட மாட்டார்கள்.