பனிச்சறுக்கு: உள்நாடா, வெளிநாடா? தோட்டத்துப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

லயத்தில் பதின்மூன்று வயதைத் தாண்டிய பிள்ளை ஒன்று இருந்தால், அது என்றைக்காவது ஒருநாள் போனைத் தூக்கிக்கொண்டு உங்களிடம் வரத்தான் போகிறது. யாரோ ஒரு வெள்ளைக்காரப் பொடியன் காலில் பலகையைக் கட்டிக்கொண்டு பனிமலையில் சறுக்கி வருகிற வீடியோவைக் காட்டி, “நம்மளும் ஒருக்கா போவோம்பா” என்று கேட்கும். பதறவேண்டாம். “காசு எங்கடா இருக்கு?” என்று கத்தவும் வேண்டாம், காசு இல்லாதது அதற்கும் தெரியும். “உள்நாடா, வெளிநாடா?” என்று நிதானமாகத் திருப்பிக் கேளுங்கள். அந்த வாக்குவாதம் ஒரு வருசத்துக்கு ஓடும். ஓடுகிற வரைக்கும் செலவில்லை.

உள்நாட்டுக்காரர் முதலில் நுவரெலியாவைத்தான் சொல்வார்கள். அங்கே ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் புல்லின்மேல் உறைபனி படியும். அதைப் படம் பிடிக்கக் கொழும்பிலிருந்து கார் கட்டிக்கொண்டு வருவார்கள். அதே பனி பட்டால் கொழுந்து கருகிப்போகும், கருகின மலையில் கிலோ சேராது. ஆகவே அந்தப் பக்கத்துச் சொந்தக்காரருக்குப் போன் எடுத்து “பனி அழகா விழுதா மாமா?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஏப்ரல் சீசனுக்குப் போனால் பூக்கண்காட்சி, கார் ஓட்டப்போட்டி, கிரகரி வாவியில் படகு எல்லாம் உண்டு. பனி மட்டும் கிடையாது. ஊர் இருப்பது 1,868 மீற்றர் உயரத்தில். அறை வாடகை அந்த மாதம் அதற்கும் மேலே நிற்கும்.

இரத்தினபுரிக்காரருக்கு இதைவிட மலிவான குளிர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது: சிவனொளிபாதமலை. டிசம்பர் போயாவில் தொடங்கி வெசாக் வரை சீசன். ஹட்டன் பக்கத்து வழியைவிடப் பலாபத்தல வழி நீளம், ஏற்றமும் கடினம். அதனால்தான் அதைச் சிபாரிசு செய்கிறேன். பிள்ளை முதல் மணித்தியாலம் உங்களுக்கு முன்னால் ஓடும். இரண்டாவதில் போனில் சார்ஜ் இல்லை என்று சொல்லும். மூன்றாவதில் கடவுள் இருக்கிறாரா என்று கேட்கும். 2,243 மீற்றர் உச்சியில், விடிவதற்குக் கொஞ்சம் முன், குரங்குத் தொப்பிக்குள் பல் தந்தியடித்துக்கொண்டிருக்கும்போது “இதுதான்டா சுவிற்சர்லாந்து” என்று சொல்லிவிடுங்கள். எதிர்த்துப் பேச அதற்கு வாய் திறக்காது. இறங்கும்போது மழை பிடித்தால் சறுக்கலும் இலவசம், அட்டைக்கடியும் இலவசம்.

கேகாலைக்காரருக்குக் கித்துல்கல உண்டு. வெளிநாட்டுக்காரர் ரப்பர் படகில் களனி கங்கையின் வெள்ளத்தில் இறங்குவதைப் பாலத்தில் நின்று பார்க்கலாம். ரப்பரில் உங்களுக்கு இருக்கிற அனுபவத்துக்குப் படகில் ஏறித்தான் ஆகவேண்டும் என்றில்லை.

சறுக்குதல் என்று வந்துவிட்டால் சப்ரகமுவையை அடிக்க ஆளில்லை. இங்கே மலையே சறுக்கும். மழை மும்முரமாகி, கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இரத்தினபுரிக்கும் கேகாலைக்கும் சிவப்பு எச்சரிக்கை விட்டால், குடும்பத்தோடு பாடசாலை மண்டபத்துக்குப் போய்த் தங்கலாம். தங்குமிடமும் சாப்பாடும் சும்மா. பத்து வருசமாகப் பேசாத பக்கத்து லயத்தாரோடு ஒரே பாயில் படுக்கலாம். திரும்பும் தேதியை மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள். 2016 மே மாதம் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது. அதே நாட்களில் புளத்கொஹுபிட்டிய பக்கம் ஒரு தோட்டத்து லயமும் ஆட்களோடு மண்ணுக்குள் போனது. இந்த இடத்தில் எனக்குப் பகிடி எழுத வரவில்லை. அடுத்ததுக்குப் போவோம்.

வெளிநாடு போவதற்குப் பனிமலையை ஏறுமுன் கடதாசி மலையை ஏறவேண்டும். டிரங்குப் பெட்டியைத் திறந்து பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். அம்மாவின் பெயர் அதில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் இருக்கும். எழுதினவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். அதைத் திருத்த ஒருநாள் பேர், அதாவது ஒருநாள் சம்பளம், போகும், திருத்தினதில் வந்த பிழையைத் திருத்த இன்னொரு நாள் போகும். அப்புறம் பாஸ்போட்டுக்குப் பத்தரமுல்லை. பெரிய ஆள் ஒருவருக்குச் சாதாரண சேவையில் கடவுச்சீட்டு 2024இல் 10,000 ரூபாய் ஆனது. நாட்சம்பளம் 2021இல் ஆயிரமாகி, 2024இல் 1,350 ஆனது. அந்த வருசக் கணக்கில் ஏழு பேர் போட்டாலும் போதவில்லை, எட்டாம் நாளும் வேலைக்கு இறங்கவேண்டியிருந்தது. எட்டு நாளும் தொடர்ச்சியாகக் கிடைக்கும் என்று நம்பவும் வேண்டாம். விடியற்காலம் மழை பிடித்தால் பால்வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் பேரும் இல்லை. தீபாவளி முற்பணத்தை எடுத்துச் சமாளிக்கலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. எடுங்கள். மாதாமாதம் சம்பளத் துண்டில் அது வெட்டுப்படும்போது பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். செங்குத்தான சறுக்கு எப்படி இருக்கும் என்று அதுவும் தெரிந்துகொள்ளட்டும்.

பாஸ்போட் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். காஷ்மீரில் குல்மார்க் இருக்கிறது, உத்தரகண்டில் ஔலி இருக்கிறது. குல்மார்க்கில் கம்பிவண்டி கிட்டத்தட்ட 4,000 மீற்றர் உயரத்துக்கே கொண்டுபோய் விடும். ஆனால் சறுக்குகிற சீசன் டிசம்பர் முதல் மார்ச் வரைதான். நம் பிள்ளைகளுக்கு ஓகஸ்டில் பள்ளிக்கூடம் மூடும்போது அங்கே பச்சைப் புல்தான் இருக்கும். பச்சை பார்க்க வாசலைத் தாண்டினால் போதும்.

துபாயில் அந்தப் பிரச்சினை இல்லை. 2005இல் திறந்த ஸ்கி துபாய் ஒரு கடைத்தொகுதிக்குள் இருக்கிறது. 85 மீற்றர் மேடு, 400 மீற்றர் சறுக்குப் பாதை. வெளியே பாலைவன வெயில், உள்ளே வருசம் முழுக்கப் பனி. ஆலோசனைக்குப் பயண முகவரிடம் போகாதீர்கள். எட்டியாந்தோட்டை, தெரணியகலை, காவத்தைப் பக்கம் வீட்டுவேலைக்குப் போய்வந்த அக்காமாரைத் தேடுங்கள். எசமான் பிள்ளைகளின் சப்பாத்தை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஓர் அக்காவிடம், எப்படி இருந்தது என்று கேட்டேன். “நல்ல எடந்தான் தம்பி. சின்னவன் நாலு தடவ விழுந்தான். நாலு தடவயும் என்னயத்தான் ஏசினாங்க” என்றார். இவ்வளவு சுருக்கமான விமர்சனம் வேறெங்கும் கிடைக்காது.

மிச்சமிருப்பது நீலகிரி. நான் பரிந்துரைப்பது இதைத்தான். தங்கும் செலவு இல்லை, சொந்தக்காரர் வீடு இருக்கிறது. 1964 ஒக்டோபரில் நம் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து, தோட்டத்து ஆட்களை 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள். மீதி ஒன்றரை இலட்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாக்கினார்கள். யாரும் யாரிடமும் உள்நாடா வெளிநாடா என்று பொறுமையாகக் கேட்டு முடிவெடுத்த பயணம் அல்ல அது. தலைமன்னாரில் கப்பலேறிய குடும்பங்களில் கனபேர் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் அரசு தேயிலைத் தோட்டத்தில் போய் நின்றார்கள். தாத்தாவின் தங்கச்சி வீடு ஒன்று உங்களுக்கும் அங்கே இருக்கும். அவர்களுக்குக் கிடைத்தது ஒருவழி டிக்கெட். நீங்கள் மறக்காமல் போகவர எடுங்கள். 2023இலிருந்து காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கப்பல் இருக்கிறது, கடல் சம்மதித்தால். இரத்தினபுரியிலிருந்து காங்கேசன்துறைக்கு ஒரு ராத்திரி பஸ்ஸில் உட்காரவேண்டும், அதைப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லவேண்டாம்.

கையில் நல்ல சிலோன் தேயிலை இரண்டு பாக்கெட் கொண்டுபோங்கள். வாங்கிக்கொண்டு, திரும்பும்போது நீலகிரித் தேயிலை நாலு பாக்கெட் கட்டித் தருவார்கள். வேண்டாமென்றால் அத்தை கோபிப்பார். ஜனவரி என்றால் ஊட்டியில் உறைபனியும் பார்க்கலாம், விடியக் காலை எழும்புகிற பிள்ளையாக இருந்தால். எழும்பாது. பத்து மணிக்கு எழும்பி, வாசலில் நின்று மலையைப் பார்த்துவிட்டு, “இதுக்காப்பா கப்பலேறி வந்தோம்?” என்று கேட்கும். பதில் சொல்லாதீர்கள், ஒரு படம் எடுத்துக் கொடுங்கள். கொழுந்துக்கு நடுவில், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்கிற படத்தை அது ‘வெளிநாட்டில்’ என்று எழுதிப் போடும். ஐந்து நிமிசத்தில் பலாங்கொடையிலிருந்து ஒரு கூட்டாளி கேட்பான்: “எந்த டிவிசன்டா இது?”