பன்னிரண்டில் இரண்டு

பதினைந்து வருஷமாக சாஸ் (SAS) என்ற புள்ளியியல் மென்பொருளில் நிரல் எழுதித்தான் சிங்கப்பூரில் சோறு சாப்பிடுகிறேன். "மேக்ரோவா? அண்ணனைக் கேளு" என்று அலுவலகத்துப் பிள்ளைகள் என்னைக் கைகாட்டுவார்கள். நானும் மறுத்ததில்லை.

சென்ற மாதம் ஒரு கருத்துக்கணிப்பு. பன்னிரண்டு கேள்விகள், கியூ1 முதல் கியூ12 வரை. "கியூ1-கியூ12" என்று போட்டால் நடுவில் உள்ள பத்தையும் சாஸே புரிந்துகொள்ளும். அந்தப் பட்டியலை மேக்ரோவிடம் கொடுத்து, ஒவ்வொன்றையும் தனி மேக்ரோ மாறியாகப் பிரிக்கச் சொல்லிவிட்டு, தேக்காவுக்குப் பிரியாணி சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்தால் லாக்கில் பிழையின் சிவப்பும் இல்லை, எச்சரிக்கையின் பச்சையும் இல்லை. அறிக்கையை அனுப்பிவிட்டேன்.

மறுநாள் ஒரு தம்பி வந்தான். "அண்ணே, ரெண்டு கேள்விதான் இருக்கு. மிச்சம் பத்து?"

மேக்ரோவுக்குத் தரவு தெரியாது, எழுத்துதான் தெரியும். சொற்களைப் பிரிக்கும் அதன் ஸ்கேன், நாம் வேறு சொல்லாவிட்டால், இடைவெளியைப் போலவே இடைக்கோட்டிலும் வெட்டும். கியூ1 ஒரு துண்டு, கியூ12 ஒரு துண்டு. பந்தியில் இரண்டு ஓரத்துக்கும் இலை போட்டுவிட்டு நடுவில் இருந்தவர்களை மறந்த கதை.

இடைவெளியில் மட்டும் வெட்டு என்றேன். மொத்தமும் ஒரே சொல்லாக வந்து நின்றது. சரி, தரவுக்கோப்பிடமே பெயர்களைக் கேட்போம் என்று புராக் கன்டென்ட்ஸை ஓட்டி, வந்த கோப்பைப் பெயர்வாரியாக நானே வரிசைப்படுத்தினேன். பன்னிரண்டும் வந்தன, எழுத்து வரிசையில்: கியூ1, கியூ10, கியூ11, கியூ12, அப்புறம்தான் கியூ2. "வேலைக்கு எதில் வருகிறீர்கள்?" என்ற தலைப்பின் கீழ் "மணமாகவில்லை" என்று பதில். சரியான வரிசை எண் அதே கோப்பில் இன்னொரு பத்தியில் இருந்தது. பார்த்தால்தானே.

சாயங்காலம் லிட்டில் இந்தியா எம்ஆர்டியில் தடவரைபடத்தை வெறித்துக்கொண்டு நின்றேன். வடகிழக்குத் தடத்தில் என்இ1க்கு அடுத்தது என்இ3. என்இ2 கிடையாது. எண் 18 வரை ஓடினாலும் நிலையங்கள் 17தான். இதற்கு இடைக்கோடு போட்டிருந்தால், இல்லாத மாறியைக் கேட்கிறாயே என்று சாஸ் சிவப்பில் கத்தியிருக்கும். கத்துகிறவர்கள் மேல் அன்றைக்குத் தனி மரியாதை வந்தது.

மறுநாள் காலை, மானம் போனது போதும் என்று பன்னிரண்டு பெயர்களையும் கையாலேயே தட்டினேன். எண்ணிப் பார்த்தேன், சரியாகப் பன்னிரண்டு. அனுப்பினேன்.

"அண்ணே, கியூ9 ரெண்டு தடவை இருக்கு. கியூ10 எங்கே?"