48 மணி நேரக் கூட்டணி

2009-இல் தொடங்கிய குளோபல் கேம் ஜாமில், முன்பின் தெரியாதவர்களும் குழுவாகச் சேர்ந்து 48 மணி நேரத்தில் ஒரு கேமை உருவாக்கலாம். முதல் மணி நேரத்தில் ஐடியா சொல்ல ஆளுக்கு ஆள் போட்டி. கடைசி மணி நேரத்தில் பிழை திருத்தத்தான் ஆள் கிடைக்காது.

குழு வேலை நமக்குப் புதிதல்ல. திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள் மாதக்கணக்கில் வெளிமாநிலத்தில் ஒன்றாகச் சமைத்து, ஒன்றாகத் தூங்கி, ஆழ்துளைக் கிணறு போட்டுத் திரும்புகிறார்கள். அவர்களுக்கு 'டீம் பில்டிங்' சான்றிதழ் யாரும் கொடுத்ததில்லை. அந்த வீட்டுப் பிள்ளைக்கோ, பக்கத்து பெஞ்சுக்காரனோடு பேசவே ஒரு பயிலரங்கு வேண்டியிருக்கிறது. பலூன் ஊதுவது, மதியம் பிரியாணி உட்பட.

சேர்ந்து வேலை செய்தால் கேமிலும் பலன் உண்டு. டொரோண்டோவில் அபி என்ற தமிழரின் சிறு குழு உருவாக்கிய 'வெண்பா' என்ற கேம் 2023-இல் வெளியானது. துப்பாக்கியே இல்லை, கிழிந்துபோன சமையல் குறிப்பை வைத்து இட்லி அவிக்க வேண்டும். 2024-இல் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருது அதற்குத்தான்.