வேஷம் கட்டிய கம்ப்யூட்டர்

இந்தியாவில் காப்புரிமை என்ற சமாசாரம் பிறந்ததே ஒரு ஏழையின் வேலைக்கு உலை வைத்துத்தான். 1856-இல் கல்கத்தாவில் ஜார்ஜ் ஆல்ஃபிரட் டி பென்னிங் என்ற என்ஜினியர் முதல் மனுவைப் போட்டார். கண்டுபிடிப்பு: பங்கா விசிறி இழுக்கும் எந்திரம். துரை குறட்டை விட, தாழ்வாரத்தில் உட்கார்ந்து கயிறு இழுத்துக்கொண்டிருந்த ஆளை வீட்டுக்கு அனுப்பும் திட்டம். புதுச் சட்டப்படி இப்படிப்பட்ட கண்டுபிடிப்புக்கு 14 வருட ஏகபோகம் உண்டு. கயிறு இழுத்தவருக்கு என்ன உண்டு என்று எந்தப் பிரிவிலும் எழுதவில்லை.

நூறு வருடம் கழித்து அதே வினை பம்பாய்க்கு வந்தது. இங்கே கயிறு இழுப்பவருக்குப் பதில் டைப் அடிப்பவர் இருந்தார். கும்பகோணத்திலும் பாலக்காட்டிலும் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்து, தகரப்பெட்டியும் ஆவக்காய் ஜாடியுமாக தாதரில் வந்து இறங்கிய பையன்கள். மாதுங்காவில் நாலு பேருக்கு ஓர் அறை. சாப்பாட்டுக்கு 1942-இல் ராமா நாயக் திறந்த உடுப்பிச் சாப்பாட்டுக்கடை இருக்கவே இருந்தது. காலையில் ரயிலேறினால் ஃபோர்ட்டில் ஆபீஸ். ஒரு இன்வாய்ஸுக்கு ரெமிங்டன் உருளையில் ஐந்து தாள், நடுவே நாலு கார்பன். ஐந்தாவது பிரதியில் விழுந்திருப்பது எண்ணா, கறையா என்று அடித்தவருக்கே தெரியாது. ஆடிட்டருக்குக் கொடுப்பது அதைத்தான்.

1961-இல் பம்பாயில் எஸ்ஸோ எண்ணெய் கம்பெனிக்கு ஐ.பி.எம். 1401 வந்தது. ஐ.பி.எம். அப்போது எந்திரத்தை வாடகைக்கு விடும். அதில் ஓடும் நிரலைக் கொசுறாகக் கொடுக்கும். 1969-இல்தான் இரண்டுக்கும் தனித்தனி பில் போடப்போவதாக அறிவித்தது. காசில்லாமல் கிடைக்கிற பொருளுக்கு யார் காப்புரிமை கேட்பார்கள்? வயிறு எரிந்தவர் கேட்பார். நிரல் விற்றுப் பிழைக்க நினைத்த அமெரிக்கர் மார்ட்டின் கோட்ஸுக்கு ஐ.பி.எம்.மின் கொசுறு பொறுக்கவில்லை. தகவல்களை வரிசைப்படுத்தும் முறை ஒன்றுக்கு மனுப்போட்டு, 1968 ஏப்ரல் 23-ஆம் தேதி 3,380,029 என்ற எண்ணில் காப்புரிமையே வாங்கிவிட்டார். மென்பொருளுக்கு அமெரிக்கா கொடுத்த முதல் காப்புரிமை என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

வரிசைப்படுத்தும் வித்தையில் பம்பாய் அமெரிக்காவை முந்திவிட்டது என்பது பலருக்குத் தெரியாது. கார்ட்டூனிஸ்ட் பால் தாக்கரே தன் ‘மார்மிக்’ வாரப்பத்திரிகையில் டெலிபோன் டைரக்டரியைப் பிரித்து வைத்துக்கொண்டு, எந்தக் கம்பெனியில் எந்த நாற்காலியில் மராட்டியர் அல்லாதவர் உட்கார்ந்திருக்கிறார் என்று சலித்தெடுத்துப் பட்டியல் போட்டார். தலைப்பு, ‘வாசா ஆணி தண்ட் பஸா’: படித்துவிட்டுச் சும்மா இருங்கள். பிறகு அதையே ‘வாசா ஆணி உட்டா’ ஆக்கினார்: படித்துவிட்டு எழுந்திருங்கள். 1966 ஜூன் 19-ஆம் தேதி சிவசேனா பிறந்தது. உள்ளே போனது டெலிபோன் டைரக்டரி. வெளியே வந்தது உடுப்பி ஹோட்டல்களின் உடைந்த கண்ணாடி. இந்த முறைக்கு யாரும் காப்புரிமை கேட்கவில்லை. அதனால்தானோ என்னவோ, பிற்பாடு எல்லாக் கட்சிகளும் ராயல்டி கட்டாமல் பயன்படுத்தின.

‘லுங்கி ஹடாவ், புங்கி பஜாவ்’ என்று தெருவில் கோஷம் கேட்ட காலத்தில் தமிழன் கற்ற பாடம் ஒன்று உண்டு. வேஷத்தை மாற்று, உள்ளே விடுவார்கள். வேட்டி பேன்ட்டானது, பஸ் கண்டக்டரிடம் மராட்டி வந்தது. இதே பாடத்தைத்தான் கம்ப்யூட்டரும் கற்றது.

செம்பூரை அடுத்த ட்ராம்பே அணு ஆராய்ச்சி மையத்தில் 1969-இல் ஒரு கணினி செய்தார்கள். பெயர் டி.டி.சி.-12, அதாவது ட்ராம்பே டிஜிட்டல் கம்ப்யூட்டர். பகிரங்கமாகக் கம்ப்யூட்டர் என்றே பெயர் வைத்தும் யாரும் கொடி பிடிக்கவில்லை. விஞ்ஞானிகளுக்கு யூனியன் கிடையாது. அமெரிக்காவிலேயே டி.இ.சி. கம்பெனி தன் எந்திரத்தைக் கம்ப்யூட்டர் என்றால் முதலாளிகள் பணம் போடமாட்டார்கள் என்று பயந்து, பி.டி.பி. என்று பெயர் சூட்டித்தான் விற்றது. அங்கே பயந்தது பணக்காரர்களுக்கு. நம் வங்கிகள் பயந்தது குமாஸ்தாக்களுக்கு.

பயத்தில் நியாயமும் இருந்தது. கம்ப்யூட்டர் என்ற சொல் காதில் விழுந்தாலே வேலைநிறுத்தம் என்ற நிலைமை. 1983-இல் வங்கிகளும் ஊழியர் சங்கங்களும் உட்கார்ந்து பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. அடுத்த வருடம், அப்போது ரிசர்வ் வங்கியின் துணை கவர்னராக இருந்த சி. ரங்கராஜன் தலைமையிலான குழு, கிளைகளை எப்படி எந்திரமயமாக்கலாம் என்று வழி சொன்னது. வந்து இறங்கிய பெட்டிக்குத் திரை இருந்தது, விசைப்பலகை இருந்தது, நினைவகம் இருந்தது, உள்ளே நிரல் ஓடியது. அது கம்ப்யூட்டரா? சிவ சிவா! அதன் பெயர் ‘அட்வான்ஸ்டு லெட்ஜர் போஸ்டிங் மெஷின்’. பேரேடு எழுதுகிற, கொஞ்சம் முன்னேறிய எந்திரம், அவ்வளவுதான். அதைத் தொடுகிறவருக்குத் தனி அலவன்ஸ். நேற்றுவரை எதிர்த்தவர்களில் சிலர், யாருக்கு சீனியாரிட்டி என்று சண்டை போட ஆரம்பித்தார்கள். இந்தியாவின் வணிகக் கணினித் துறையில் நிகழ்ந்த ஆகப்பெரிய கண்டுபிடிப்பு இந்தப் பெயர்தான் என்பது என் துணிபு.

இதற்கிடையில் 1968-இல் டாடாக்கள் பம்பாயில் டி.சி.எஸ்.ஸைத் தொடங்கியிருந்தார்கள். எஃப்.சி. கோலி என்ற மின்சார என்ஜினியர் அதை வளர்த்தார். 1978-இல் ஐ.பி.எம். கோபித்துக்கொண்டு நாட்டைவிட்டே போனது. போகட்டும் என்று நம் பையன்கள் அந்நிய எந்திரங்களுக்கு நிரல் எழுதி டாலர் சம்பாதித்தார்கள். 1996-இல் ராமதுரை, 2009-இல் நாமக்கல் மாவட்டம் மோகனூரின் சந்திரசேகரன் என்று அந்தக் கம்பெனியின் தலைமை நாற்காலி அடுத்தடுத்துத் தமிழர்களுக்கே போனது. மார்மிக் பட்டியலுக்கு இதைவிட அழகான பதில் கிடையாது. காப்புரிமை? ஆரம்ப நாட்களில் யாருக்கும் ஞாபகமே இல்லை. உலகத்தையே மாற்றிய விசிகால்க் என்ற கணக்குத்தாள் மென்பொருளுக்கு 1979-இல் அதன் கர்த்தா டான் பிரிக்ளினே காப்புரிமை எடுக்கவில்லை. வக்கீல் ‘கிடைப்பது கஷ்டம்’ என்றார், விட்டுவிட்டார். 

தாராவிக்கு நிரல் வந்தது கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த லாமிங்டன் ரோடு வழியாக. 90 அடி ரோட்டுத் தோல் பை கடைக்காரர் ஒரு செகண்ட்ஹேண்ட் பெட்டியை வாங்குவார். பெங்களூரில் கோயங்கா அப்பாவும் பிள்ளையும் 1986-இல் கிளப்பி, பிற்பாடு டேலி ஆன கணக்கு மென்பொருளையும் மாட்டித் தரச்சொல்வார். மாட்டிக்கொடுத்த பையன் இன்ஸ்டலேஷனுக்கு மட்டும் காசு வாங்குவான்; மென்பொருள் கொசுறு. ஐ.பி.எம். 1969-இல் கைவிட்ட வியாபார தர்மத்தை லாமிங்டன் ரோடு கட்டிக்காத்தது. 1994-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, இப்படிச் செய்தால் ஜெயில் என்றார்கள். பையன் சிடியை மேசையிலிருந்து டிராயருக்கு மாற்றினான்.

பிறகுதான் காப்புரிமைச் சட்டம் விழித்துக்கொண்டது. 2002-இல் நிறைவேறி 2003 மே மாதம் அமலுக்கு வந்த திருத்தத்தில் 3(கே) என்று ஒரு பிரிவு. கணித முறை, வியாபார முறை, அல்காரிதம், ‘கணினி நிரல் பெர் சே’ ஆகியவற்றுக்குக் காப்புரிமை கிடையாது. அதாவது நிரல் தனியாக வந்தால் வாசலோடு சரி. துணையோடு வந்தால் யோசிக்கலாம். 2004 டிசம்பரில் அரசாங்கம் ஓர் அவசரச் சட்டம் போட்டு, வன்பொருளோடு சேர்ந்து வரும் நிரலுக்குக் கதவைத் திறந்தது. 2005 மார்ச்சில் நாடாளுமன்றம் அதைத் திரும்ப மூடியது. மூடச்சொல்லி வற்புறுத்தியவர்களில் முக்கியமானவர்கள், ஆட்சிக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்த இடதுசாரிகள். கம்ப்யூட்டரே வேண்டாம் என்று கொடி பிடித்த அதே செங்கொடி, கம்ப்யூட்டர் நிரல் எழுதும் சின்னப் பையன்களை அந்நியக் கம்பெனிகளின் வழக்குகளிலிருந்து காப்பாற்றியது. சரித்திரத்துக்கு இந்த மாதிரிக் குசும்பு அடிக்கடி வரும்.

2011-இல் யாஹூ கம்பெனி சென்னை தேனாம்பேட்டையிலிருந்த காப்புரிமை மேல்முறையீட்டு வாரியத்தின் முன் வந்து நின்றது. அவர்கள் கண்டுபிடிப்பு என்னவென்றால், தேடல் முடிவுகளில் அதிகம் ஏலம் கேட்ட விளம்பரதாரரின் பெயர் முதலில் வரும். தாராவி அம்மன் கோயில் கொடை நோட்டீஸில் நன்கொடை ஜாஸ்தி கொடுத்தவர் பெயர் மேலே வருவதை அவர்கள் பார்த்ததில்லை போலிருக்கிறது. தொழில்நுட்பச் சட்டை போட்டாலும் இது வியாபார முறைதான் என்று வாரியம் திருப்பி அனுப்பிவிட்டது.

அன்றுமுதல் வக்கீல்களுக்குக் கொண்டாட்டம். மும்பையின் காப்புரிமை அலுவலகமான பௌத்திக் சம்பதா பவன் இருப்பது ஆன்டாப் ஹில்லில். ஒரு பக்கம் மாதுங்கா, சயானைத் தாண்டினால் தாராவி, இன்னொரு பக்கம் செம்பூர். தாராவியிலிருந்து சைக்கிளில் ஹார்ன் அடித்தபடி இட்லிக்காரர் சுற்றும் வட்டாரம். கடைக்காரருக்குக் கடன் தவணை கணக்கிடும் நிரல் ஒன்றை நீங்கள் எழுதியிருந்தால், அந்தக் கட்டிடத்துக்குள் அது இப்படிப் போகும்: ‘பயனர் சாதனத்திலிருந்து தரவைப் பெறும் ஒரு பெறுதல் அலகு, அதனுடன் தொடர்புற்ற ஒரு நினைவகம், அந்நினைவகத்துடன் செயல்முறையில் இணைக்கப்பட்ட ஒரு செயலி...’ தவணை எங்கே, கடன் எங்கே? பதினோராம் பத்தியில் முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கும். லெட்ஜர் போஸ்டிங் மெஷினின் பேரப்பிள்ளை இது.

அலுவலகமும் சளைத்ததல்ல. 2016 பிப்ரவரியில் வந்த வழிகாட்டி, புது வன்பொருள் இருந்தால்தான் பேச்சு என்றது. 2017 ஜூனில் வந்த வழிகாட்டியில் அந்த நிபந்தனையைக் காணோம். 2019 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் ஃபெரித் அல்லானி வழக்கில், நிரல் இருக்கிறது என்பதற்காகவே எல்லாவற்றையும் தள்ளாதீர்கள், தொழில்நுட்பப் பலன் இருக்கிறதா பாருங்கள் என்று குட்டியது. அவர் இந்தியாவில் மனுப்போட்டது 2002. மேல்முறையீட்டு வாரியம் அவருக்குச் சாதகமாகச் சொன்னது 2020. காப்புரிமையின் மொத்த ஆயுள், மனுப்போட்ட நாளிலிருந்து 20 வருடம். பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போதே பென்ஷன் பேப்பரும் ரெடி.

அமெரிக்கா மட்டும் யோக்கியமா? அமேசானின் ஒற்றைச் சொடுக்கில் வாங்கும் வித்தைக்கு 1999-இல் காப்புரிமை கொடுத்த நாடு அது. 2014-இல் அதன் உச்ச நீதிமன்றம் ஆலிஸ் வழக்கில், பழைய யோசனையைக் கம்ப்யூட்டரில் போட்டால் மட்டும் கண்டுபிடிப்பாகாது என்று நம் வழிக்கு வந்தது. தீர்ப்பு தேதி ஜூன் 19, சிவசேனாவின் பிறந்தநாள். ஜோசியர்கள் கவனிக்க.

இன்று டி.சி.எஸ். ஆயிரக்கணக்கில் காப்புரிமை வைத்திருக்கிறது. ஆனால் அது அமெரிக்காவில் பெரிய அடி வாங்கியது காப்புரிமை வழக்கிலேயே இல்லை. எபிக் என்ற மருத்துவமனை மென்பொருள் கம்பெனி, தன் தொழில் ரகசியத்தை எடுத்துவிட்டார்கள் என்று வழக்குப் போட்டது. 2016-இல் விஸ்கான்சின் ஜூரி 94 கோடி டாலர் என்றது. பிறகு இறங்கி இறங்கி 28 கோடியில் நின்றது. இந்தியாவில் தொழில் ரகசியத்துக்கென்று தனிச் சட்டமே கிடையாது.

ஆகவே, மாதுங்காவிலோ தாராவியிலோ செம்பூரிலோ உட்கார்ந்து கடைகளுக்கு மென்பொருள் எழுதும் தம்பி, தங்கைகளே: எழுதிய நிரலுக்குப் பதிப்புரிமை தானாக வரும், அதற்கு அலையாதீர்கள். நிரலால் எந்திரம் வேகமாகவோ சிக்கனமாகவோ பத்திரமாகவோ ஓடுகிறதென்றால் மட்டும் காப்புரிமைக்கு முயலுங்கள்; தனிநபருக்கு ஆன்லைன் மனுக் கட்டணம் 1,600 ரூபாய்தான். வாடிக்கையாளரிடம் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குங்கள். முதலில் மனு, அப்புறம் டெமோ. இந்த வரிசையை மாற்றினால், உங்கள் மனுவை முறியடிக்கும் முதல் சாட்சி அந்த டெமோவைப் பார்த்துக் கைதட்டிய வாடிக்கையாளராகத்தான் இருப்பார்.